கடலைக் காணுமே! பிரிஸ்டலில் மூன்று நாள்

முதல் நாள், சனிக்கிழமை

அம்மா தூத்துக்குடியிலிருந்து வந்து ஆறு வாரம் ஆகிறது. இங்கிலாந்தில், ரெடிங்கில் எங்கள் வீட்டு ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுக் குப்பைத்தொட்டிதான் தெரியும். மே மாதக் கடைசித் திங்கள் விடுமுறை. என் வீட்டுக்காரருக்கு அன்றைக்கும் ட்யூட்டி. "மூணு நாளு நாம ரெண்டு பேரும் பிரிஸ்டல் போவோம்மா, பழைய துறைமுகம்" என்று நான்தான் வாயைக் கொடுத்தேன். துறைமுகம் என்றதும் அம்மா முகம் மலர்ந்துவிட்டது. அப்பா முப்பது வருஷம் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். அம்மாவுக்கு அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான்: கடல்.

ரயிலில் ஒன்றேகால் மணி நேரம். லண்டனையும் பிரிஸ்டலையும் இணைக்கும் இந்தப் பாதையைப் போட்டவர் இசம்பார்ட் கிங்டம் புரூனல் என்ற பொறியாளர். 1841இல் முழுப்பாதையும் திறந்தார்கள். வழியில் பாக்ஸ் என்ற இடத்தில் ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர் நீளச் சுரங்கம். இருட்டு வந்ததும் அம்மா கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். புரூனல் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், இந்த ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஆள் நிற்பார்.

ஹோட்டல் பெட்மின்ஸ்டர் பக்கம். பெயர் வேண்டாம். லிஃப்ட் ஓடவில்லை, அறை மூன்றாவது மாடியில். "முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றேன். "மின்னஞ்சலில் இருக்கிறது" என்றார்கள். தேடிப் பார்த்தேன், இல்லை. சரி, பெட்டியைக் கீழேயே போட்டுவிட்டுக் கிளம்பினோம்.

நகரத்துக்குள் போக ஒரு சின்ன இரும்புப் பாலத்தைக் கடக்க வேண்டும். மஞ்சள் பெயின்ட் அடித்து, வில்லாக வளைந்திருப்பதால் ஊர்க்காரர்கள் அதை வாழைப்பழப் பாலம் என்கிறார்கள். கீழே எட்டிப் பார்த்தால் இரண்டு பக்கமும் பழுப்பு நிறச் சேறு, செங்குத்தாக, எண்ணெய் பூசினதுபோலப் பளபளவென்று. நடுவில் கணுக்கால் அளவுக்கு ஓர் ஓடை. பாதிச் சரிவில் ஒரு சூப்பர்மார்க்கெட் தள்ளுவண்டி தலைகுப்புறக் கிடந்தது.

"ஏட்டி, இதுவா துறைமுகம்? மெட்ராஸ் கூவம் மாதிரில்லா கெடக்கு. கடல் எங்கட்டி?"

கடல் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. "இரும்மா, இன்னும் இருக்கு" என்று நடத்திக் கூட்டிப் போனேன்.

முதலில் கார்ன் தெரு. 1743இல் கட்டிய எக்ஸ்சேஞ்ச் கட்டடத்தின் வாசலில் வெண்கலத்தில் நாலு குட்டைத் தூண்கள், மேலே தட்டையான வட்டத் தட்டு. இவற்றுக்குப் பெயர் ஆணிகள். வியாபாரிகள் பேரம் முடிந்ததும் இதன் மேல் காசை வைத்துக் கணக்கு முடிப்பார்களாம். ஆங்கிலத்தில் கையோடு ரொக்கம் கொடுப்பதை 'ஆணி மேல் கொடுப்பது' என்பார்கள். அது இங்கேதான் பிறந்தது என்று ஊரார் சாதிக்கிறார்கள். மொழி ஆராய்ச்சிக்காரர்கள் ஒப்புவதில்லை. அம்மா தட்டைத் தட்டிப் பார்த்து, "கையில காசு, வாயில தோசை. எல்லா ஊருலயும் இதானே" என்று முடித்துவிட்டாள்.

எனக்குப் பிடித்தது அதற்கு மேலே இருந்த கடிகாரம். அதில் நிமிஷ முள் இரண்டு. பிரிஸ்டல் லண்டனுக்கு மேற்கே இருப்பதால் இங்கே சூரியன் உச்சிக்கு வருவது பத்து நிமிஷம் தாமதம். ரயில் வரும்வரை அதனால் யாருக்கும் தொந்தரவு இல்லை. ரயில் லண்டன் நேரத்தில் ஓட ஆரம்பித்ததும் வண்டியைத் தவறவிட்டவர்கள் புலம்பியிருப்பார்கள். கடிகாரத்துக்கு இன்னொரு முள் மாட்டி, ஒன்று எங்கள் நேரம், ஒன்று அவர்கள் நேரம் என்று வைத்துக்கொண்டார்கள். 1852இல்தான் ஊர் லண்டன் நேரத்துக்கு இறங்கி வந்தது. இரண்டு முள்ளும் இன்னும் ஓடுகின்றன. அம்மாவும் இப்படித்தான். கைக்கடிகாரத்தை இன்னும் இந்திய நேரத்தில்தான் வைத்திருக்கிறாள். மணி கேட்டால் நாலரையைக் கழித்துச் சொல்வாள். மாற்றித் தருகிறேன் என்றால் கோபம் வரும்.

பக்கத்துச் சந்தையில் சாப்பிட்டுவிட்டு ஒரு வழியாகத் துறைக்கு வந்தோம். அகலமான தண்ணீர், படகுகள், கரையில் நாலு பெரிய கிரேன்கள். அம்மாவுக்குக் கொஞ்சம் சமாதானம். ஆனால் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தவள், "அலையே இல்லையே, குளம் மாதிரி நிக்கு" என்றாள்.

சரியாகத்தான் பிடித்தாள். செவர்ன் கழிமுகத்தில் ஓதத்துக்கும் வற்றத்துக்கும் நடுவே தண்ணீர் 40 அடிக்கு மேல்கூட ஏறி இறங்கும். உலகத்திலேயே மிகப் பெரிய ஏற்ற இறக்கங்களில் ஒன்று. தூத்துக்குடியில் ஒரு மீட்டர் ஏறினாலே அதிகம். இந்த ஓதம் ஆவன் ஆற்றுக்குள் புகுந்து ஊர் நடுவரை வரும். அதோடு சேர்ந்து கப்பல்களும் உள்ளே வரும். ஆறு மணி நேரத்தில் தண்ணீர் வடிந்தால் கப்பல் அப்படியே சேற்றில் உட்கார்ந்து சாய வேண்டியதுதான். அதனால் பிரிஸ்டல் கப்பலென்றால் உடம்பு கெட்டியாக, சரக்கெல்லாம் கட்டிப்போட்டு ஒழுங்காக இருக்க வேண்டும். 'பிரிஸ்டல் பாணி' என்று ஆங்கிலத்தில் ஒரு சொல்லே இருக்கிறது.

கப்பல்கள் பெரிதானபோது இது கட்டுப்படி ஆகவில்லை. வில்லியம் ஜெசப் என்பவர் ஒரு வேலை செய்தார். ஆற்றுக்குத் தெற்கே புதுக்கால்வாய் வெட்டி, ஓதத்தையும் வற்றத்தையும் அந்தப் பக்கம் திருப்பிவிட்டார். பழைய ஆற்றுக்கு இரண்டு முனையிலும் கதவு போட்டு, தண்ணீரை எப்போதும் ஒரே மட்டத்தில் நிறுத்தினார். 1809இல் வேலை முடிந்தது. கப்பல் எந்நேரமும் மிதந்தபடியே இருப்பதால் இதற்கு மிதக்கும் துறைமுகம் என்று பெயர். காலையில் பார்த்த சேறுதான் அந்தப் புதுக்கால்வாய். இதையெல்லாம் விளக்கி முடித்ததும் அம்மா கேட்டாள்: "அப்ப கடலை வெளிய விட்டுக் கதவைச் சாத்திட்டானுவ?"

அப்படியும் சொல்லலாம்.

கரையில் இருந்த பழைய கிடங்கு ஒன்று இப்போது எம் ஷெட் என்ற அருங்காட்சியகம், நுழைய இலவசம். உள்ளே எட்வர்ட் கோல்ஸ்டனின் வெண்கலச் சிலை படுத்திருக்கிறது. கோல்ஸ்டன் 17ஆம் நூற்றாண்டு வியாபாரி, ஊருக்குப் பள்ளிக்கூடமும் தரும விடுதியும் கட்டிக் கொடுத்தவர். ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனியின் துணை கவர்னராகவும் இருந்தார். அந்தக் கம்பெனியின் சரக்கு மனிதர்கள். 1895இல் ஊர் நடுவில் சிலை வைத்தபோது பீடத்தில் 'ஒழுக்கமும் அறிவும் மிக்க மைந்தர்களில் ஒருவர்' என்று எழுதினார்கள். 2020 ஜூன் 7 அன்று கூட்டம் கயிறு கட்டி இழுத்துக் கீழே தள்ளி, உருட்டிக்கொண்டு போய், இந்தத் தண்ணீரிலேயே போட்டது. நாலு நாள் கழித்து நகராட்சி வெளியே எடுத்தது.

நிமிர்த்தி வைக்கவில்லை, முகத்தில் கொட்டிய சிவப்புப் பெயின்டைத் துடைக்கவும் இல்லை. பக்கத்தில் குனிந்து பார்த்தால் கோட்டு மடிப்புக்குள் பெயின்ட் காய்ந்து வெடித்திருப்பது தெரிகிறது. என்னைக் கேட்டால் இந்த அருங்காட்சியகம் செய்த நல்ல காரியம் அதுதான். அந்தச் சிலை நின்ற 125 வருஷத்தில் எத்தனை பேர் அதன் முகத்தை இவ்வளவு பக்கத்தில் பார்த்திருப்பார்கள்? 1698 தொடங்கி 1807வரை பிரிஸ்டலிலிருந்து இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட அடிமைக் கப்பல் பயணங்கள் கிளம்பின. கிட்டத்தட்ட ஐந்து லட்சம் ஆப்பிரிக்கர்கள். நான் படித்துச் சொல்லச் சொல்ல அம்மா ஒன்றும் பேசவில்லை. வெளியே வந்த பிறகு, "படுத்தே கெடக்கட்டும்" என்றாள்.

அங்கேயே 1963 பஸ் புறக்கணிப்புக் கதையும் இருக்கிறது. கறுப்பர்களையும் ஆசியர்களையும் டிரைவர், கண்டக்டர் வேலைக்கு எடுக்க மாட்டோம் என்றது அன்றைய பஸ் கம்பெனி. பால் ஸ்டீவன்சன் போன்ற இளைஞர்கள் முன்னால் நின்று பஸ்ஸில் ஏறாதீர்கள் என்று ஊரைத் திரட்டினார்கள். நாலு மாதத்தில் கம்பெனி பணிந்தது. முதலில் வேலைக்குச் சேர்ந்த வெள்ளையரல்லாத கண்டக்டர் ரக்பீர் சிங் என்ற சீக்கியர்.

மாலையில் எஸ்.எஸ். கிரேட் பிரிட்டன். மறுபடி புரூனல்தான். 1843 ஜூலை 19 அன்று இந்தத் துறையிலேயே தண்ணீரில் இறக்கிய கப்பல், 322 அடி நீளம். உடம்பு முழுக்க இரும்பு, பின்னால் சுழல் விசிறி. அட்லாண்டிக்கைத் தாண்டிய அப்படிப்பட்ட முதல் கப்பல் இதுதான். கட்டி முடித்த பிறகு ஒரு வேடிக்கை. துறைமுகக் கதவைவிடக் கப்பல் பெரிது! கதவுப் பக்கச் சுவரை இடித்து அகலப்படுத்தி வெளியேற்ற 1844 டிசம்பர் ஆகிவிட்டது. அதன் பிறகு ஆஸ்திரேலியாவுக்குக் குடியேறிகளை ஏற்றிப் போனது. 1857 கிளர்ச்சியை ஒடுக்கப் பம்பாய்க்குப் படை கொண்டுபோனதும் இதுதான். 1861இல் ஆஸ்திரேலியா போன முதல் இங்கிலாந்து கிரிக்கெட் அணியும் இதில்தான் ஏறியது. அதை வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். "யாரு ஜெயிச்சா?" என்று பதில் வந்தது.

கடைசியில் பாக்லாந்து தீவில் கிடங்காகி, 1937இல் ஓட்டை போட்டு மூழ்க விடப்பட்டது. 33 வருஷம் அங்கேயே கிடந்தது. 1970இல் தூக்கினார்கள். பக்கவாட்டில் பெரிய வெடிப்பு. அதில் பழைய மெத்தைகளைத் திணித்து அடைத்தார்களாம். மிதவை மேல் ஏற்றி அட்லாண்டிக் முழுக்க இழுத்து வந்து, பிறந்த தொட்டியிலேயே விட்டது ஜூலை 19ஆம் தேதி. பிறந்த நாளன்றே வீடு வந்த கப்பல்.

கப்பலைச் சுற்றிக் கண்ணாடித் தரை, அதன் மேல் விரல்கடை அளவு தண்ணீர் ஓடுகிறது. மேலே நின்று பார்த்தால் கப்பல் மிதக்கிறது. படியில் இறங்கிக் கண்ணாடிக்குக் கீழே போனால் தொட்டியின் அடி. அங்கே காற்று பாலைவனம் மாதிரி உலர்ந்து கிடக்கிறது. ஈரம் பட்டால் இரும்பு அரித்துவிடும் என்று இயந்திரம் வைத்து ஈரத்தை உறிஞ்சுகிறார்கள். அடித்தகடு பல இடத்தில் சல்லடை. ஓட்டை வழியே விரல் போகும், தொடக்கூடாது. அந்த மெத்தை திணித்த வெடிப்பு இன்னும் வாய் திறந்தபடி நிற்கிறது. அம்மா நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தாள். மேலே தண்ணீர் வெயிலில் நெளிந்துகொண்டிருந்தது. "உப்புல பொறந்தது, இப்ப உப்பே ஆகாதுங்கு. எங்க சக்கரையும் பிரஷரும் மாதிரி" என்றாள்.

மூன்று மாடி ஏறி வந்து இதை எழுதுகிறேன். அம்மா தூங்கிவிட்டாள்.

இரண்டாம் நாள், ஞாயிறு

நேற்று எழுதியதில் ஒன்று விட்டுப்போனது. கப்பல் தொட்டிக்குப் பக்கத்துச் சந்துச் சுவரில் பேங்க்சி வரைந்த பெண் முகம் ஒன்று. ஊர் இந்த ஊர்தான் என்கிறார்கள், முகம் மட்டும் காட்டாத ஓவியர். காதில் தொங்கட்டான் இருக்க வேண்டிய இடத்தில், சுவரில் ஏற்கெனவே இருந்த திருட்டு அலாரப் பெட்டி. அம்மா அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, "எத்தனை பவுனு இருக்கும்?" என்றாள். கல்லூரித் திடலுக்குப் பக்கத்தில் இன்னொன்று இருக்கிறது, ஜன்னலில் தொங்கும் அம்மணமான ஆள். அந்த வழியாக வேகமாக நடந்தோம்.

கல்லூரித் திடலில் எதிர்பாராத ஒருவர் நின்றுகொண்டிருந்தார். "இவரு ராஜாராம் மோகன்ராய்லா!" என்று பீடத்தைப் படிக்குமுன்பே அம்மா சொல்லிவிட்டாள். எட்டாம் வகுப்புப் புத்தகப் படம் இன்னும் மறக்கவில்லை. சிலை 1997இல் வைத்தது. அவர் இறந்தது இந்த ஊரில்தான் என்றதும், "அப்ப சமாதி எங்க?" என்றாள். ஆர்னோஸ் வேல் கல்லறைக்கு பஸ் பிடித்தோம்.

ராய் 1831இல் இங்கிலாந்து வந்தார். முகலாய மன்னர் இரண்டாம் அக்பருக்கு கிழக்கிந்தியக் கம்பெனி கொடுக்கும் படியை உயர்த்தித் தரச் சொல்லி வந்த தூதர். 'ராஜா' பட்டமே அந்த மன்னர் கொடுத்ததுதான். இன்னொரு காரியமும் இருந்தது. 1829இல் உடன்கட்டைக்குத் தடை வந்ததும் அதை எதிர்த்து வைதீகர்கள் லண்டனுக்கு மேல்முறையீடு கொண்டுவந்திருந்தார்கள். அது 1832இல் தள்ளுபடி ஆனது. அடுத்த வருஷம் செப்டம்பரில் நண்பர்களைப் பார்க்க பிரிஸ்டல் வந்தவர் காய்ச்சலில் விழுந்தார். 27ஆம் தேதி போய்விட்டார். முதலில் தங்கியிருந்த வீட்டுத் தோட்டத்திலேயே புதைத்தார்கள். பத்து வருஷம் கழித்து துவாரகநாத் தாகூர், ரவீந்திரநாத்தின் தாத்தா, உடலை இங்கே மாற்றி மண்டபம் எழுப்ப ஏற்பாடு செய்தார்.

சிலுவைகளும் சம்மனசுகளும் நிற்கிற கல்லறைக்குள் நுழைந்ததும் ஒரு வங்காளத்துச் சத்திரி! தூண்களும் மேலே கூம்புக் கூரையுமாக நம் ஊர்ப் பக்கத்து மண்டபம் ஒன்றைப் பெயர்த்துக் கொண்டுவந்து வைத்தது மாதிரி. படியில் யாரோ வைத்த சாமந்தி காய்ந்திருந்தது. அம்மா செருப்பைக் கழற்றினாள். ஈரப்புல், குளிர், வேண்டாம்மா என்றேன். கேட்கவில்லை.

சுற்றி வந்து படியில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "எங்க ஆச்சி இருபத்திரண்டு வயசுல வெள்ளச்சேல கட்டினவ" என்றாள். எனக்குத் தெரிந்த கதைதான், ஆனால் அன்றைக்கு வேறு மாதிரிச் சொன்னாள். "எரிக்கக்கூடாதுன்னு இவரு சொன்னாரு, சரி, பெரிய மனுசன். எரியாம இருந்தவளுகள ஒழுங்கா இருக்க விட்டானுவளா? ஆச்சி ஒரு கல்யாண வீட்டுக்கு முன்வாசல் வழியாப் போனதில்ல, தெரியுமா?"

என்ன பதில் சொல்ல? அப்பா போன மூன்றாம் மாதம் அம்மா மறுபடி ஸ்டிக்கர் பொட்டு வைத்தாள். தெருவில் நாலு பேர் பேசினார்கள். அதைப் பற்றி நாங்கள் இருவரும் இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. இன்றைக்கும் பேசவில்லை. காலைத் துடைத்துச் செருப்பை மாட்டிக்கொண்டு, "போவோமா?" என்றாள்.

மதியம் இரண்டு மணிக்கு கிளிஃப்டன் தொங்கு பாலம். போட்டியில் ஜெயித்தபோது புரூனலுக்கு 24 வயதுதான். 1831இல் அடிக்கல் நாட்டினார்கள். அதே வருஷம் ஊரில் கலவரம், அப்புறம் காசு தீர்ந்தது. பல வருஷம் இரண்டு மொட்டைக் கோபுரங்கள் மட்டும் நின்றன. அவர் 1859இல் இறந்த பிறகுதான் சக பொறியாளர்கள் அவர் நினைவாக முடித்தார்கள், 1864இல். லண்டனில் அவர் கட்டியிருந்த இன்னொரு பாலத்தைப் பிரித்ததில் கிடைத்த சங்கிலிகளைத்தான் இதற்குப் பயன்படுத்தினார்கள்.

கீழே 75 மீட்டர். அம்மா கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். பள்ளத்தாக்கின் அடியில் மறுபடி சேறு, நடுவில் ஒரு பழுப்புக் கயிறு மாதிரித் தண்ணீர். இதன் வழியாகவா அவ்வளவு கப்பலும் போனது என்று எனக்கே சந்தேகம் வந்தது.

"காலையிலயும் சேறு, இப்பவும் சேறு. நீ ஏமாத்துதட்டி" என்றாள்.

போனில் ஓத அட்டவணையைத் தேடினேன். நாளைக் காலை எட்டேகாலுக்கு மேல் உச்ச ஓதம். ஆறரைக்கு எழுந்துகொள்ள முடியுமா என்று கேட்டேன். "நான் தெனமும் நாலுக்கு எந்திரிக்கேன், நீதான் கெடந்து ஒறங்குத" என்றாள்.

மூன்றாம் நாள், திங்கள்

ஏழு மணிக்கு வாழைப்பழப் பாலத்தில் நின்றோம். நடைப்பயிற்சி நாய்கள் இரண்டு, ஒரு சைக்கிள், வேறு யாரும் இல்லை. தள்ளுவண்டி அதே இடத்தில். ஆனால் சேற்றின் அடியில் ஓடை இல்லை. அகலமாக, கலங்கலாக, ஒரு முழு ஆறு. அதுவும் தப்பான திசையில் ஓடிக்கொண்டிருந்தது. முதலில் எனக்குப் பிடிபடவில்லை. ஒரு பிளாஸ்டிக் பாட்டில் மேற்கிலிருந்து வந்தது. பாலத்துக்கு அடியில் நுழைந்து ஸ்டேஷன் பக்கம் போனது. கடல் இருக்கும் பக்கத்திலிருந்து ஊருக்குள்.

அம்மா தள்ளுவண்டியையே பார்த்தாள். முதலில் தண்ணீர் அதன் சக்கரத்தைத் தொட்டது. தலைகுப்புறக் கிடந்ததால் சக்கரம் மேலே அல்லவா இருக்க வேண்டும் என்று நினைத்தேன். பார்த்தால் இரவு வந்த ஓதம் அதைப் புரட்டிப் போட்டிருந்தது. பிறகு கம்பிக் கூடையின் அடி. பிறகு பாதிக் கூடை. கண்ணெதிரே ஏறுகிறது. ஒரு நாய்க்காரர் எங்களைக் கடந்து போய்விட்டுத் திரும்பி வருவதற்குள் கைப்பிடி மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. தண்ணீர் ஏறும்போது சத்தமே இல்லை, சேற்றில் கொப்புளம் வெடிக்கும் டப் டப் மட்டும்.

காற்று மாறியது. சகதி நாற்றத்தோடு சேர்ந்து இன்னொன்றும். அம்மா மூக்கை உறிஞ்சினாள்.

"வந்துட்டு பாத்தியா. நாம போவாட்டா என்ன?"

கைப்பிடியும் முங்கியது. அந்த இடத்தில் ஒரு சின்னச் சுழி கொஞ்ச நேரம் சுற்றியது, அப்புறம் அதுவும் இல்லை. பத்தரைக்கு ரயில், பெட்டி இன்னும் கட்டவில்லை.

"மணி என்னம்மா?"

கடிகாரத்தைப் பார்த்தாள். "பன்னெண்டேகாலு. உங்களுக்கு ஏழே முக்கா." கம்பியிலிருந்து கையை எடுக்கவில்லை. "ஒரு பத்து நிமிசம் நின்னுட்டுப் போவோம்."